பல்கலைக்கழக நூலகமும் நம் மக்களும்

வளப்பூர் நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் வல்வில் ஓரியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடித் திங்களில் அவன் பெயரால் அரசு விழா நடைபெறுகின்றது. அறப்பளீசுவரரை வணங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோர் செம்மேட்டில் அவன் சிலையையும் கண்டு செல்கின்றனர். ஆயினும், ஓரி என்றொரு வள்ளல் இம்மலையை ஆண்டான் என்பது நமக்கு எவ்வாறு தெரிய வந்தது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? வன்பரணர் முதலிய புலவர்கள் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இருந்தன. புறநானூறு பனையேட்டில் இருந்தது. அந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1894-இல் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டார். அவ்வேடுகளைக் கறையான் முன்னதாகத் தின்றிருக்குமாயின், இன்று ஆடித் திங்களில் விழாவும் இல்லை, சிலையும் இல்லை. காக்கப்பட்ட பெயருக்கே விழா எடுக்கப்படுகின்றது.

இதனை முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக நூலகம் என்றால் தேர்வுக்குப் படிப்பதற்காக நூல்களை அடுக்கி வைத்த கட்டடம் என்றே நம் இளைஞர் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். புதிதாக வந்த நூல்களின் பட்டியல், இவ்வாரச் சொற்பொழிவு, அடுத்த வாரக் கண்காட்சி, ஆகஸ்டு 12-இல் நூலகர் நாள், நவம்பர் 14 முதல் நூலக வாரம் என்று செய்திகள் ஒட்டப்பட்டிருக்கும். எவருடைய நூல் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படுகின்றது, எவருடைய பிறந்தநாள் கொண்டாடப்படுகின்றது என்பவை சிறு செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு நாடு எவரை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகின்றது என்பதை அந்தப் பலகை காட்டிவிடும். அதில் நம்மவர் பெயர் இடம்பெற்ற வரலாற்றையே இக்கட்டுரையில் கூற முற்படுகின்றேன்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் லேமன் நூலகத்தில் 1990-களில் ஒரு வெண்கல மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. அது அண்ணல் அம்பேத்கரின் சிலை. அதனை வழங்கியவர் அமெரிக்கச் செல்வர் எவரும் அல்லர். இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் மக்கள் அமைத்த அம்பேத்கரிய, பௌத்த அமைப்புகளின் கூட்டமைப்பே வழங்கியது. ஏப்ரல் 14-ஆம் நாள் மாணவரும் பிறரும் அங்குக் கூடி அச்சிலைக்கு மாலையிட்டுப் பேசுவது வழக்கமாயிற்று. நம் சேரியில் மேளம் முழங்க நடைபெறும் விழாவே, ஓசை குறைந்து, நூலடுக்குகளுக்கு நடுவே அங்கு நடைபெறுகின்றது எனலாம்.

அச்சிலை அங்கே வந்த கதை 1913-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை அளித்து அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவ்வாண்டு சூலையில் அவர் நியூயார்க்கில் கால் வைத்தபோது வயது 22. பள்ளிப் பருவத்தில் வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணித்துண்டின் மேல் தனியே அமர்ந்து படித்தவர் அவர். பள்ளியின் ஏவலாள் குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தாகம் தணித்துக்கொள்ள இயலாதவர். ஏவலாள் வராத நாளில் தண்ணீரும் இல்லை. அப்படிப்பட்டவர் கொலம்பியாவில் குவிமாடம் கவிந்த லோ நூலகத்துக்குள் நுழைந்தார். அங்கு எவரும் அவரைச் சாதி கேட்கவில்லை. நூலைத் தொட்டால் நூல் தீட்டாகும் என்று எவரும் சொல்லவில்லை. மூன்றாண்டுகளில் பொருளியல், வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல் எனப் பாடத்திற்குமேல் பாடமாக எடுத்துப் படித்தார். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள் மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறைபற்றிய தம் கட்டுரையை வாசித்தார். சாதியால் ஒதுக்கப்பட்ட ஒருவர் சாதியை ஆராய்ச்சிப் பொருளாக்கி, உலக அறிஞர் முன்னே மேசைமேல் வைத்து அறுத்துக் காட்டிய நாள் அது. நம் சங்கத்தின் நாட்காட்டியில் அந்நாளையும் குறித்து வைக்கலாம் என்பது என் கருத்து.

நியூயார்க்கில் இருந்த காலத்தில் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ 2,000 நூல்களை அவர் வாங்கிச் சேர்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். அவற்றுள் ஒரு பகுதியே பின்னர் அவர் கைக்கு வந்தது. 1917-இல் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது, அவருடைய உடைமைகளை ஏற்றி வந்த கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. உயிரோடு வந்து சேர்ந்தாரே என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம்; அவரோ நூல்களுக்காக வருந்தியிருப்பார்.

ஈண்டுப் பரோடாவைப் பற்றிச் சிறிது கூறுவது பொருந்தும். அம்பேத்கரை அனுப்பிய அதே சாயாஜிராவ்தான் இந்தியாவில் பொது நூலக இயக்கத்திற்குக் கால்கோள் இட்டவரும் ஆவார். 1910-இல் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்து, தம் அரண்மனை நூல்களையும் பொதுமக்களுக்கு அளித்து, மைய நூலகம் கண்டார். பெட்டிகளில் நூல்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். 1906-இல் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்திய மன்னர் அவர். இத்தனை செய்த மன்னரின் தலைநகரில், கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் சாதியை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் கைத்தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. அன்று பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்ததைத் தம் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியுள்ளார். நூலகத்தைத் திறந்து வைப்பது மன்னரால் இயன்றது. வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது அவராலும் இயலவில்லை. அந்தக் குறிப்பு நெடுங்காலம் கழித்து 1990-இல்தான் சிறுநூலாக வெளிவந்தது. இன்று கொலம்பியாவில் அது பாடமாகப் படிக்கப்படுகின்றது.

அம்பேத்கரும் அந்நூலகத்தை மறக்கவில்லை, பல்கலைக்கழகமும் அவரை மறக்கவில்லை. 1930-இல் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் செய்தி இதழில், தம் வாழ்வின் சிறந்த நண்பர்கள் அங்கே உடன் பயின்றோரும், டூயி, செலிக்மன் முதலான பேராசிரியர்களுமே என்னும் கருத்தை அவர் எழுதினார். 1952 சூன் 5-இல் அரசியலமைப்பை ஆக்கியமைக்காகப் பல்கலைக்கழகம் அவருக்குச் சட்ட மேதைப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. ஒரு வாசகராக நுழைந்தவர் நாற்பதாண்டுக்குள் அங்கு விருந்தினராகப் போற்றப்பட்டார். அதன்பின் மேலும் நாற்பதாண்டு கழித்துச் சிலையாக நின்றார். சிலையினும் வாசகரே பெரியவர் என்பதை மாலையிடும்போது நாம் மறந்துவிடுகின்றோம்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திற்கு 1924-இல் சீர்காழி அரங்கநாதன் நூலகராக அமர்ந்தார். கணக்கு ஆசிரியராக இருந்தவர். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று வந்தவர். நூலை வேண்டுவோர் வெளியே நிற்க, உள்ளேயிருந்து எடுத்துத் தரும் முறையை மாற்றி, வாசகர் தாமே அடுக்குவரை சென்று நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்றார். தொட்டுப் பார்க்கலாம் என்னும் சொல்லின் அருமை நம் முன்னோர்க்கு விளங்கும் அளவு பிறர்க்கு விளங்காது. 1931-இல் வெளிவந்த நூலக விதிகள் ஐந்தினைப் பற்றிய அவரது நூலில், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதை விளக்குமிடத்தில், செய்தித்தாள் அறிவிப்பு, சொற்பொழிவு, வாசகர் வட்டம், கண்காட்சி ஆகிய அனைத்தையும் நூலகத்தின் கடமையாகவே சேர்த்திருக்கின்றார். பல்கலைக்கழக நூலகங்களில் இன்று நாம் காணும் விழாக்களுக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் அடிப்படை அங்கேதான் உள்ளது. 1936-இல் கடற்கரைச் சாலையில் அந்நூலகத்திற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் பல்லாண்டுக் காலம் அங்கேயே இயங்கியது.

அதே 1924-இல்தான் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, பொதுச் சாலையும் கிணறும் அலுவலகமும் அனைவர்க்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. 1938-இல் எம். சி. இராசாவின் முயற்சியால் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. ஒரு பக்கம் நூலடுக்கு திறக்கின்றது. மறுபக்கம் நூலகம் செல்லும் தெரு திறக்கின்றது. முன்னதற்கு நூலக வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. பின்னதை நூலக வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பதில்லை.

நம் மக்கள் படிக்க மட்டுமே விரும்பினர், எழுதவில்லை என்று எவரேனும் சொன்னால் அது பிழை. புறநானூறு அச்சேறுவதற்கு ஓராண்டு முன்னரே, 1893-இல் சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கிவிட்டார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிட்டார். 1914-இல் மறையும்வரை அதில் வரலாறும் சமயமும் மருத்துவமும் நாட்டு நடப்பும் எழுதிக் குவித்தார். இவ்விதழ்களுக்கு எந்தப் பல்கலைக்கழக நூலகம் விழா எடுத்தது? ‘பறையன்’ இதழ்களை இன்று ஆய்வாளர் எளிதில் காண இயலாது. ‘தமிழன்’ இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர் தம் வீடுகளில் காத்து வைத்தனர். பின்னர் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றை ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. அதன் பிறகே பல்கலைக்கழகங்களில் பண்டிதரைப் பற்றிய கருத்தரங்குகளும் ஆய்வேடுகளும் பெருகின. ஓரிக்கு ஏடு செய்ததைப் பண்டிதருக்கு நம்மவரின் மரப்பெட்டி செய்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த பின்னரே அவருக்கு அறிவிப்புப் பலகையில் இடம் கிடைத்தது என்பதை எண்ணும்போது, கிடக்காமலே அழிந்தவை எத்தனையோ என்று நெஞ்சு கலங்குகின்றது.

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளும், அவர்களோடு நம் பிள்ளைகளும் இன்று நாமக்கல், சேலம் கல்லூரிகளுக்குச் சென்று பயில்கின்றனர். 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றிய பின் பல்கலைக்கழகம் என்பது சென்னைக்கு இரயிலேறிச் சென்று காண வேண்டியதாக இல்லை. நூலகத்திற்குச் செல்லும் மாணவர்கள் வாயிலில் உள்ள பலகையை ஒருமுறை நின்று படிக்கட்டும். ஏப்ரல் 14-க்கு நூற்கண்காட்சி உண்டா, அதில் தமிழில் வெளிவந்த அம்பேத்கர் தொகுதிகள் வைக்கப்பட்டுள்ளனவா, பண்டிதரின் நூல் அடுக்கில் உள்ளதா என்று நூலகரிடம் பணிவோடு கேட்கட்டும். இல்லையெனில், வாங்கும்படி எழுதிக் கொடுக்க நூலகங்களில் பரிந்துரைப் படிவம் உண்டு. நம் மாணவரில் அதனை நிரப்புவோர் மிகச் சிலரே. கூச்சம் ஒரு காரணம். ‘நமக்கெதற்கு’ என்னும் பழைய பழக்கம் மற்றொரு காரணம்.

இறுதியாகச் சங்கச் செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, இந்தியாவில் வெளியிடப்படும் ஒவ்வொரு நூலின் படியையும் வெளியிட்ட முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும் வேறு இரண்டு பொது நூலகங்களுக்கும் வெளியிடுவோர் தம் செலவில் அனுப்ப வேண்டும். இவ்வெள்ளிவிழா மலரும் ஒரு நூலே. அந்நான்கு படிகளோடு பெரியார் பல்கலைக்கழக நூலகத்திற்கும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திற்கும் ஒவ்வொன்றாக ஆறு படிகளை, விழா மேடையில் விருந்தினர்க்கு வழங்கத் தொடங்குமுன்பே, தனியே கட்டி எடுத்து வைத்துவிடுதல் நலம்.