சவர்க்காரக் கூடத்தில் நெய்த கம்பளம்

மலாய் மொழியில் சவர்க்காரத்தின் பெயர் 'சாபுன்'. நம் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவனும் அறிந்த சொல் அது. அரபு மொழியின் வழியாக இங்கு வந்த அச்சொல்லுக்குப் பிரான்சு நாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அங்கே அது 'சவோன்'. இரண்டிற்கும் மூலம் இலத்தீன் மொழி. சவர்க்காரம் செய்யும் கூடத்தைப் பிரஞ்சு மொழியில் 'சவோனெரி' என்பர். ஆனால், கலை வரலாறு கற்றவர்களுக்கு அப்பெயர் குறிப்பது சவர்க்காரத்தை அன்று, அரண்மனைக் கம்பளத்தை!

துருக்கிக் கம்பளங்களைப் போன்றவற்றைத் தம் நாட்டிலேயே நெய்விக்க விரும்பிய மன்னர் பதின்மூன்றாம் லூயி, 1627-ஆம் ஆண்டில் பியேர் துப்போன், அவருடைய மாணவர் சிமோன் லூர்தே ஆகிய இருவருக்கும் 18 ஆண்டுகளுக்குத் தனியுரிமை வழங்கினார். பாரிசை அடுத்த ஷாயோவில், சேன் ஆற்றங்கரையில் பழைய சவர்க்காரக் கூடம் ஒன்று இருந்தது. அக்கட்டடம் ஆதரவற்ற சிறுவர்களின் இல்லமாக மாறியிருந்தது. அச்சிறுவர்களே இத்தொழிலுக்குப் பழகுநர்களாயினர்.

வகுப்பறையில் பிள்ளைகளின் விரல்களை நாள்தோறும் காண்பவர்கள் நாம். அவ்விரல்கள் செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு நூல்களுக்குக் கம்பளி நூலால் முடிச்சிட வேண்டும். முடிச்சுகளுக்கு இடையிலான நூலை, முனையில் கத்தி பொருத்திய கோலின்மீது சுற்ற வேண்டும். கோலை உருவும்போது வளையங்கள் அறுபட்டு நூல்முனைகள் நிமிரும். பின்னர் அவற்றைக் கத்தரியால் சமமாக நறுக்கினால்தான் வெல்வெட்டுப் போன்ற மென்மை தோன்றும். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 90 முடிச்சுகள்!

அடுத்து வந்த பதினான்காம் லூயி, லூவர் அரண்மனையின் நெடுங்கூடத்திற்காக 93 கம்பளங்களை நெய்யப் பணித்தார். ஓவியர் சார்ல் லெ புரனின் மேற்பார்வையில் அவற்றின் கோலங்கள் உருவாயின. 1682-இல் அரசவையோ வெர்சாய்க்குக் குடிபெயர்ந்தது. எந்தக் கூடத்திற்காக அவை நெய்யப்பட்டனவோ, அங்கே அவை திட்டமிட்டபடி விரிக்கப்படவே இல்லை. பிரஞ்சுப் புரட்சிக்குப்பின் சில கம்பளங்களிலிருந்து அரச சின்னங்களும் வெட்டி நீக்கப்பட்டன. இக்கம்பளங்களைப் பற்றிய குறிப்புகளில் மன்னரின் பெயரும் லெ புரனின் பெயரும் தவறாமல் வருகின்றன. முடிச்சிட்ட ஒரு பிள்ளையின் பெயரையேனும் நான் இதுவரை படித்ததில்லை.

1826-ஆம் ஆண்டில் இந்நெசவுக்கூடம் பாரிசு நகரின் கோபலேன் நெசவாலையோடு இணைக்கப்பட்டது. ஷாயோவை விட்டு வந்தபோதும், சவர்க்காரக் கூடத்தின் பெயர் மட்டும் உடன் வந்தது. சவோனெரிக் கம்பளங்கள் இன்றும் அங்கே கையாலேயே நெய்யப்படுகின்றன.