வேகத்தை எண்ணுவது யார்? ஒரு சென்சாரின் கதை

பழைய பைக்குக்கு நாமே ஒரு டிஸ்ப்ளே செய்யணும், அதில் வேகமும் கியரும் தெரியணும்னா, திரையும் கோடிங்கும் பெரிய சிக்கல் இல்லை. சக்கரம் சுற்றுவதை எந்த சென்சார் எண்ணப்போகுது என்பதுதான் கேள்வி. என் பைக்குக்காகத் தேடும்போது, ஒவ்வொரு சென்சாருக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது.

முதலில் பழைய முள் மீட்டர். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். பக்கத்தில் தொடாமல் இருக்கும் உலோகக் கிண்ணத்தைச் சுழல் மின்னோட்டம் இழுக்கும், சுருள்வில் தடுக்கும், முள் நகரும். அழகான யோசனை. ஆனா மைக்ரோகன்ட்ரோலர் எண்ணுவதற்கு இதில் பல்ஸ் கிடையாது.

அடுத்து காயில். ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை. காந்தத்தில் சுற்றிய காயில் முன்னால் இரும்புப் பல் கடந்தா மின்னழுத்தம் வரும். வேகம் குறைஞ்சா அதுவும் குறையும். டிராஃபிக்ல ஊரும்போது சிக்னல் ரொம்ப பலவீனமாயிடும்.

மூன்றாவது ரீட் சுவிட்ச். 1936-ல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்ட வந்தா ஒட்டிக்கும். சைக்கிள் மீட்டருக்கு இது போதும். ஆனா ஒட்டும்போது தகடுகள் துள்ளும், ஒரு சுற்று இரண்டாக எண்ணப்படலாம். கணக்கைப் பாருங்க: சக்கரச் சுற்றளவு 2 மீட்டர்னா, மணிக்கு 72 கிலோமீட்டரில் நொடிக்கு 10 சுற்று. ஒரே காந்தம் வைத்தா, நடை வேகத்தில் 2 நொடிக்கு ஒரு பல்ஸ்தான், டிஸ்ப்ளே தாமதமாகும். 40 பல் வளையம் வைத்தா நொடிக்கு 400 பல்ஸ். அசையும் தகடுக்கு அது கடினமான வேலை.

நான் தேர்ந்தெடுத்தது ஹால் சென்சார். 1879-ல் எட்வின் ஹால், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர், வயது 23. காந்தம் தள்ளுவது கம்பியைத்தான், அதில் ஓடும் மின்னோட்டத்தை அல்ல என்று மேக்ஸ்வெல் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். ஹாலுக்கு அது சரியாகப் படவில்லை. கண்ணாடி மேல் ஒட்டிய தங்க இழையில் மின்னோட்டம் செலுத்தி, காந்தத்துக்கு நடுவே வைத்தார். இழையின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தெரிந்தது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 18 வருடம் இருந்தது!

தங்கத்தில் கிடைத்த அழுத்தம் மிகச் சிறியது. குறைக்கடத்திகள் வந்த பிறகுதான் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1960-களின் இறுதியில் ஹனிவெல் ஹால் சிப் வைத்து கீபோர்டே செய்தது. இதில் அசையும் பாகம் இல்லை. காந்தம் நின்றாலும் அது இருப்பதைச் சொல்லும்.

இனி கியர். இன்ஜின் சுற்றை சக்கரச் சுற்றால் வகுத்தா, ஒவ்வொரு கியருக்கும் ஒரு நிலையான எண் வரும். ஆனா கிளட்ச் பிடித்தா அந்த எண் பொய் சொல்லும். சிக்னலில் நிற்கும்போது டிஸ்ப்ளே நியூட்ரல்னு காட்ட, உண்மையில் பைக் முதல் கியரில் இருந்தா? கிளட்சை விட்டதும் பாயும். அதனால நியூட்ரலைக் கணக்கிட்டு ஊகிக்காதீங்க. பைக்கிலேயே இருக்கும் நியூட்ரல் சுவிட்சைக் கேளுங்க. விகிதக் கணக்கு, கிளட்ச் விட்டு ஓடும்போது மட்டும்.

மேக்ஸ்வெல் எழுதியதையே ஹால் அப்படியே ஏற்காமல் அளந்து பார்த்தார். திரையில் வரும் எண்ணுக்கும் அதே விதிதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.