ராக்கெட் வந்தாச்சு, ஜெட் இன்ஜின் ஏன் வரல?

பழவேற்காட்டு மீனவர்களுக்கு ராக்கெட் புதுசில்ல. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, 1980ல எஸ்.எல்.வி-3 கிளம்பினது அங்கிருந்துதான். ராக்கெட் ஏவுற நாள்ல இவங்க கடலுக்குப் போக முடியாது. ராக்கெட்டே செய்யற நாட்டோட தேஜஸ் போர் விமானம் ஏன் அமெரிக்க எஃப்404 இன்ஜினோட பறக்குது? இன்னைக்கு நான் பேசப்போறது அதைப் பத்தி.

காரணம், நேரம். ராக்கெட் இன்ஜின் எரியறது சில நிமிஷம். ஜெட் இன்ஜினோட டர்பைன் பிளேடு பல ஆயிரம் மணி நேரம் தாங்கணும், அதுவும் தன் உருகுநிலையைவிடச் சூடான வாயுவுக்கு நடுவுல. உள்ளே காற்று ஓட்டிக் குளிர வைச்சாலும், சுழற்சி இழுக்க இழுக்க உலோகம் மெல்ல நீளும். இதுக்குப் பேர் க்ரீப்.

சாதாரண உலோகம் குட்டிப் படிகங்களின் கூட்டம். அந்தச் சூட்டில் படிக எல்லைகள்தான் முதல்ல விட்டுக்கொடுக்கும். அதனால எல்லையே இல்லாம, முழு பிளேடையும் ஒரே நிக்கல் கலவைப் படிகமா வார்த்தாங்க. அப்பவும் நீளும், ஆனா ரொம்ப மெதுவா. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி 1980களின் தொடக்கத்திலேயே இதைப் பயணிகள் விமானத்துக்குக் கொண்டுவந்துட்டாங்க.

நம்ம காவேரி இன்ஜின் திட்டம் 1989ல ஆரம்பிச்சது; 2008ல தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. காரணங்கள் பல, இந்த பிளேடும் அதில் ஒண்ணு. 2021ல ஹைதராபாத்தின் டி.எம்.ஆர்.எல் ஆய்வகம், ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக 60 ஒற்றைப் படிக பிளேடுகளை எச்.ஏ.எல் நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஹெலிகாப்டர் வரைக்கும் வந்தாச்சு. போர் விமானம் பாக்கி.