இடிபாடுகளுக்குள் ஒரு சிறுவர் நூலகம்

புகலிடத்தில் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சில நிமிடங்களிலேயே பேச்சு மொழியைக் காப்பாற்றுவதில் வந்து நின்றுவிடுகிறது. அந்தப் புத்தகம் பிள்ளைக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. நம்மில் பலர் தஞ்சம் கோரிய ஜேர்மனியில், முன்னாள் அகதி ஒருவர் இதே விடயத்தில் செய்த வேலையை இங்கு நினைவுகூர்வது பயனுள்ளது.

யெல்லா லெப்மன் 1891 இல் ஸ்ருட்கார்ட்டில் பிறந்த யூதப் பெண்; பத்திரிகையாளர். ஹிட்லரின் ஆட்சியில் வேலையை இழந்து, 1936 இல் இரு பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். 1945 இல், பெண்கள் மற்றும் சிறுவர் விவகாரங்களில் அமெரிக்க இராணுவத்துக்கு ஆலோசகராக ஜேர்மனிக்குத் திரும்பினார். நகரங்கள் தரைமட்டமாகிக் கிடந்தன. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் கதைப்புத்தகம் எதற்கு என்று கேட்கக்கூடிய காலம் அது. நாசிப் பிரச்சாரத்துக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு உணவோடு சேர்த்துப் புத்தகமும் வேண்டும் என்று அவர் வாதாடினார்.

கையில் பணம் இல்லை. பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிப் புத்தகங்களை இலவசமாகக் கேட்டார். ஜேர்மனியால் இரண்டு தடவை ஆக்கிரமிக்கப்பட்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது. மூன்றாவது தடவை அப்படி நடக்காதிருக்கவே இந்தப் பிள்ளைகளுக்குப் புதிய தொடக்கம் தேவை என்று லெப்மன் மீண்டும் எழுதினார். புத்தகங்கள் வந்தன. 1946 ஜூலையில் மியூனிச்சில் கண்காட்சி திறக்கப்பட்டது. நாசிகள் தமது கலையைக் காட்சிப்படுத்துவதற்காக 1937 இல் திறந்த மண்டபமே அதற்கும் இடமாயிற்று.

கண்காட்சி பேர்ளினுக்குச் சென்றபோது, பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது கொடுக்க விரும்பினார் லெப்மன். சண்டைபோட மறுத்துப் பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும் பேர்டினண்ட் என்ற காளையின் கதையைத் தானே மொழிபெயர்த்து, பத்திரிகைக் கடதாசியில் 30,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக விநியோகித்தார். 1949 செப்டெம்பரில் மியூனிச்சில் சர்வதேச இளைஞர் நூலகம் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் படம் வரைந்தார்கள்; நாடகம் போட்டார்கள்; வாசித்த புத்தகங்களைப் பற்றி விவாதித்தார்கள். இன்று அந்த நூலகத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தகப்பன்மாரின் குற்றங்களுக்காகப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கட்டுரை எழுதும்படி லெப்மன் கேட்கவில்லை. சோதனை வைக்கவில்லை. படமும் கதையும் கொடுத்தார். தெரிவைப் பிள்ளையிடம் விட்டார்.

நாம் என்ன செய்கிறோம்? 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களை ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்கிறோம். ஏட்டுச்சுவடிகளைச் சொல்லி அழுகிறோம். அங்கே சிறுவர் பகுதியும் இருந்தது என்பதைச் சொல்பவர் குறைவு. தமிழ்ப் பாடசாலையிலோ வாசிப்பு என்பது மனனம், சோதனை, பரிசளிப்பு. பத்து வயதுப் பிள்ளை, கடமைக்குத் தமிழும் சந்தோசத்துக்கு டொச்சும் என்று பிரித்துக்கொள்கிறது. குற்றம் பிள்ளையுடையதல்ல.

இன்னொரு கேள்வி சங்கடமானது. எதிரி நாடுகளின் புத்தகங்களையே லெப்மன் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் எழுதிய 'மடோல் தூவ' தமிழிலும் வந்திருக்கிறது. இரு பையன்கள் தீவொன்றில் குடியேறும் கதை. அதை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமா?

அங்கே குற்றமிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பாதிக்கப்பட்டவர்கள் புத்தகம் அனுப்பினார்கள், இங்கே பாதிக்கப்பட்ட நம்மிடமே கேட்பது எந்த நியாயம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிங்களப் பிள்ளைகளுக்கு நம் கதைகள் கிடைக்க வேண்டும் என்பதே அதிலிருந்து வரும் முதல் கோரிக்கை. ஆனால் ஒரு கதையை ரசிப்பது எவரையும் மன்னித்ததாகாது. எதை வாசிக்கக் கூடாது என்று பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அது வாசிப்பதில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.