கொல்லைப்புறத்தில் இரண்டாவது வீடு: கலிபோர்னியாவில் அனுமதி பெறுவது எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், வீட்டின் பின்புறக் காலியிடத்தில் இரண்டாவது சிறு வீடு கட்ட நகர நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். எனினும், விதிகளுக்கு உட்பட்ட விண்ணப்பத்தை அண்டை வீட்டாரின் ஆட்சேபத்தைக் காட்டி நிராகரிக்க இயலாது. பொது விசாரணையும் கிடையாது.

2020 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, 60 நாள்களுக்குள் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். தவறினால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். ஆனால், விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த நாளில்தான் இந்தக் கெடு தொடங்குகிறது. மனை வரைபடமோ கட்டுமானக் கணக்கீடோ விடுபட்டால், காத்திருப்பு கணக்கிலேயே சேராது. உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. நிர்வாகம் ஏற்கெனவே ஒப்புதல் அளித்துள்ள மாதிரி வரைபடத்தைப் பயன்படுத்தினால், கெடு 30 நாள்களாகக் குறையும்.

750 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கட்டணம் இல்லை. வரைபடப் பரிசீலனைக் கட்டணம் தனி.