அணியா, குணமா, பிறப்பா? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் தீமையின் ஐம்பது ஆண்டுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். 1974-இல் அங்கிருந்துதான் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. முதலில் அச்சானவை ஆயிரம் பெட்டிகள். பெட்டிக்குள் ஒல்லியான மூன்று புத்தகங்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் மட்டும் நடத்துநராக இருந்து மீதி உலகத்தையே நடத்துவார். சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் 'ஆர்பிஜி' என்ற பெயரில் ஆடப்படுபவை பெரும்பாலும் இதன் வழிவந்தவை.

அந்த மூன்றில் முதல் புத்தகத்தில் ஒரு பட்டியல் உண்டு. 'ஒழுங்கு', 'நடுநிலை', 'குலைவு' என மூன்று நிரல்கள். ஒவ்வொன்றின் கீழும் உயிரினங்களின் பெயர்கள். மனிதர் மூன்று நிரலிலும் இருக்கிறார்கள். வெட்டி வீழ்த்துவதற்கென்றே படைக்கப்பட்டதாகப் பின்னாளில் கருதப்பட்ட ஓர்க்குகள், இங்கே நடுநிலையிலும் இருக்கிறார்கள், குலைவிலும் இருக்கிறார்கள். தொடக்கத்தில் ஓர்க் கட்டாயமாகக் கெட்டவன் அல்ல. அவன் எப்போது பிறவிக் கெட்டவன் ஆனான், பிறகு எப்படி அதிலிருந்து மீண்டான் என்று தேடிப் போனால், இந்த ஆட்டத்தில் 'தீமை' என்ற சொல்லின் பொருள் மூன்று முறை மாறியிருப்பது தெரிகிறது.

நிரல்களுக்கு மேலே ஆங்கிலத்தில் இருந்த சொல் 'அலைன்மென்ட்'. அதை ஒழுக்கநிலை என்று மொழிபெயர்த்தால் 1974-இன் பொருள் தப்பிவிடும். சரியான தமிழ்ச் சொல் 'அணி'. அணிசேரா நாடுகள் என்று நேரு காலத்திலிருந்து நாம் பத்திரிகையில் படித்துவந்தோமே, அந்த அணி. இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற போர்ப்பொம்மை ஆட்டத்தின் கற்பனைப் பகுதியிலேயே இந்த முத்தரப்புப் பிரிவு வந்துவிட்டது. அங்கே அதன் வேலை, எந்தப் படையில் எந்தப் பொம்மையை நிறுத்தலாம் என்று சொல்வது. 'நீ யார் பக்கம்?' என்பது மட்டுமே கேள்வி, 'நீ நல்லவனா?' என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது? இரண்டு எழுத்தாளர்களிடமிருந்து. சிக்கலின் வேர் அங்கேதான். போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' 1953-இல் இதழில் வந்து 1961-இல் நாவலானது. நாஜிகளை எதிர்க்கும் டேனிஷ் பொறியாளன் ஒருவன் வேறோர் உலகத்தில் போய் விழுகிறான். அங்கே ஒழுங்கின் படைக்கும் குலைவின் படைக்கும் போர். நாஜி எதிர்ப்பின் மறுபக்கமாகவே அது அமைவதால், ஒழுங்கு என்றால் ஏறக்குறைய நன்மை, குலைவு என்றால் ஏறக்குறைய தீமை. வெட்டினாலும் உடல் கூடிவிடும் பூதமும், 'பாலடின்' என்ற அறப்போர் வீரனும் இந்த நாவலின் வழியாகவே ஆட்டத்துக்குள் வந்தனர். 1961-இலேயே மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளும் தொடங்கின. அவருடைய உலகிலும் ஒழுங்கும் குலைவும் மோதுகின்றன. ஆனால் எது முழுதாக வென்றாலும் மனிதனுக்குக் கேடு. ஒன்று உலகை உறையவைக்கும், மற்றது உருக்கிவிடும். தராசு நேராக நிற்க வேண்டும். ஒரே சொற்களுக்கு ஒருவர் அறப்பொருள் தந்தார், மற்றவர் அதை மறுத்தார். கைகாக்ஸ் இருவரையும் விரும்பிப் படித்தவர். இருவரையும் ஒரே பெட்டிக்குள் வைத்தார்.

விளைவு முதல் பதிப்பிலேயே தெரிகிறது. குலைவு நிரலில் ஒரு பெயர், 'தீய தலைமைப் பூசாரி'. தீமை என்று ஒரு நிரல் இல்லாத புத்தகத்தில் இந்த அடைமொழி எப்படி வந்தது? மந்திரங்களின் பட்டியலில் 'தீமையறிதல்' என்றும் ஒன்று உண்டு. இந்த மந்திரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஆய்வுக்கு இதுதான் அளவுகோல். 1974-இல் அது கண்டுபிடித்தது தீய எண்ணத்தை, தீய நோக்கத்தை. நஞ்சு நல்லதுமல்ல, கெட்டதுமல்ல என்று ஒரு குறிப்பும் கூடவே இருந்தது. அந்தக் குறிப்பை எழுதியவர் யாராயினும் தத்துவம் அறிந்தவர் என்பேன். பொருளில் தீமை இல்லை, பயன்படுத்துபவன் நெஞ்சில்தான் இருக்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

குழப்பத்தைக் கைகாக்ஸே உணர்ந்தார். 1976 பிப்ரவரியில் 'ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' இதழில், ஒழுங்கும் குலைவும் வேறு, நன்மையும் தீமையும் வேறு என்று விளக்கிக் கட்டுரை எழுதி, இரண்டு அச்சுகள் கொண்ட வரைபடம் போட்டார். ஒழுங்கோடு கொடுமை செய்யும் கொடுங்கோலனுக்கும், ஒழுங்கை மதிக்காத நல்லவனுக்கும் இப்போது இடம் கிடைத்தது. 1977-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் எரிக் ஹோம்ஸ் தொகுத்த தொடக்கநிலைப் பெட்டியில் ஐந்து அணிகள்; 1978-இன் ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது. இன்று இணையத்தில் அரசியல்வாதி முதல் இட்லி சட்னி வரை எல்லாவற்றையும் அடைத்துவைக்கும் அந்த ஒன்பது கட்டம் இப்படிப் பிறந்ததுதான்.

அச்சு இரண்டானதும் 'அணி' என்ற சொல் பழைய பொருளை இழந்து 'குணம்' ஆனது. 1979-இன் நடத்துநர் கையேடு இதை விதியாக்கியது. ஒவ்வொருவரின் நடத்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நடத்துநர் வரைபடத்தில் குறித்துவர வேண்டும். அணி மாறியவன் ஒரு படிநிலையை இழப்பான். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வோர் அணிக்கும் தனி மொழி உண்டு. குணம் மாறினால் பழைய மொழி மறந்துபோகும். நேற்றுவரை பேசிய மொழி, செய்த பாவத்தால் இன்று நாவில் வராது! படைகளுக்கிடையே இருந்த ரகசியக் குறிச்சொல்லை ஒழுக்கத்தின் மேல் ஒட்டவைத்ததால் வந்த விசித்திரம் இது என்றே கொள்கிறேன். பொருள் மாறிய பிறகும் பழைய பொருளின் எலும்புக்கூடு உள்ளே கிடந்தது.

மனிதப் பாத்திரங்களுக்குக் குணம் என்றால் சரி. அதைத் தேர்ந்துகொள்ளலாம், மாற்றலாம். மற்ற உயிரினங்களுக்கு? 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' ஒவ்வொரு பெயரின் கீழும் உயரம், பல், நகம் போலவே அணியையும் ஒரு வரியாக அச்சிட்டது. நடுநிலை நிரலிலும் நின்ற ஓர்க் இப்போது தீமையின் கட்டத்துக்குப் போய்விட்டான். படையில் யாரோடு சேர்ந்தான் என்பது அவன் இரத்தத்தின் இயல்பாகிவிட்டது. மூன்றாவது பொருள் பிறந்தது இங்கே.

நமக்குத் தெரிந்த ஒரு முகமும் அதில் உண்டு: ராட்சசன். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட அந்த உயிரைப் புலித்தலையோடு, கையில் புகைக்குழாயோடு, சீமான்போல் படம் போட்டிருந்தார்கள். அணி, ஒழுங்குடைய தீமை. கைகாக்ஸுக்கு அதைத் தந்தது வால்மீகியோ கம்பரோ அல்ல, 1974-இல் ஒளிபரப்பான 'கோல்சாக்' தொலைக்காட்சித் தொடர். ஆசி பெற்ற அம்பால்தான் சாவான் என்ற விவரமும் அதில் வந்ததே. அந்த ஒற்றை வரியில் விபீஷணனுக்கு இடமில்லை. அரக்கர் குலத்தில் பிறந்தவன் அறத்தின் பக்கம் வரலாம் என்பது நம்மூரில் கதை கேட்கும் குழந்தைக்கும் தெரிந்ததுதான்; இங்கே அது விதிமீறல். 1980-இன் 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இந்திரன், வருணன், எமன், காளி எல்லாருக்கும்கூட ஆளுக்கொரு அணி ஒதுக்கியது.

பிறப்பே தீமை என்றானதும் மேசையில் என்ன நடந்தது என்பதை ஒரு குகையில் பார்க்கலாம். கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டது. ஒரு தலைமுறையே இந்த ஆட்டத்தைக் கற்றது அதில்தான். எல்லைக் கோட்டை ஒன்று. அருகே 'குலைவின் குகைகள்'. அறை அறையாகப் பல இனத்தார் குடியிருக்கிறார்கள். காவலர் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், சண்டையிடாத குட்டிகள் இத்தனை என்று கணக்கு இருக்கிறது. காவலரை வீழ்த்திய பிறகு அந்தக் குட்டிகளை என்ன செய்வது என்று மட்டும் புத்தகம் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் பாலடினாக ஆடும் பையன் நடத்துநரைப் பார்ப்பான். நடத்துநர் புத்தகத்தைப் பார்ப்பார். எத்தனையோ நட்புகள் முறிந்த இடம் இது.

இந்தக் கேள்வி கைகாக்ஸை இறுதிவரை விடவில்லை. 2005-இல் வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்கையில், 1864-இல் சாண்ட் கிரீக்கில் செயென், அராபஹோ மக்களைக் குழந்தைகளோடு கொன்று குவித்த கர்னல் சிவிங்டனின் பெயரோடு வழங்கும், குழந்தைகளையும் கொல்வதை நியாயப்படுத்தும் வாசகத்தை அவர் ஒப்புதலோடு எடுத்தாண்டார். கற்பனை உயிர்களைப் பற்றிய பேச்சுதான். ஆனாலும் கோட்டை, எல்லை, காட்டினர், அழித்தொழிப்பு என்ற கதைச்சட்டம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை அவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.

மற்றவர்கள் வேறு வழி தேடினர். 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' அணியே இல்லாமல், வழிபாட்டு மரபுகளை வைத்து நடத்தையை விளக்கியது. 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பென்டிராகன்' பதின்மூன்று குண இணைகளைத் தந்தது. இரக்கம் ஏறினால் கொடூரம் அதே அளவு இறங்கும், கூட்டினால் எப்போதும் இருபது. அதே ஆண்டு ரிச்சர்ட் கேரியட்டின் கணினி ஆட்டமான 'அல்டிமா 4' கடைசியில் கொல்ல வேண்டிய வில்லனே இல்லாமல் வந்தது. எட்டு நற்பண்புகளைப் பழகி 'அவதார்' ஆவதே நோக்கம். பெயர் நம்மிடமிருந்து போனதுதான். 1991-இன் 'வாம்பயர்' ஆட்டத்தில் தீமை ஆடுபவனுக்குள்ளேயே இருந்தது: மனிதத்தன்மை என்று ஓர் எண், செய்யும் கொடுமைக்கேற்பத் தேயும்.

தாய் ஆட்டத்திலோ எண்பதுகளில் வேறு தொல்லை. பேய் வழிபாடு கற்றுத்தருகிறது என்று மதக்குழுக்களும் பெற்றோரும் எழுப்பிய கூச்சலுக்குப் பயந்து, 1989-இன் இரண்டாம் பதிப்பில் பேய், சாத்தான் என்ற பெயர்களையே எடுத்துவிட்டு, வாயில் நுழையாத வேறு பெயர்களைப் பின்னர் சூட்டினார்கள். பெயரை மாற்றினார்கள், பொருளைத் தொடவில்லை. உண்மையான விரிசல் ஒரு நாவலில் விழுந்தது. 1988-இல் ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய 'தி கிரிஸ்டல் ஷார்டு' நாவலில் டிரிஸ்ட் என்ற வீரன் வந்தான். தீமைக்கே பெயர்போன டிரோ இனத்தில் பிறந்து, அதை உதறி வந்தவன். வாசகர்கள் அவனைக் கொண்டாடினர். விபீஷணன் வந்துவிட்டான். 1994-இல் இதே ஆட்டத்துக்கென வந்த 'பிளேன்ஸ்கேப்' என்ற கற்பனை உலகில் இன்னும் ஒரு படி: மக்களின் நடத்தை மாறினால் எல்லையூர் ஒன்று அப்படியே நழுவிப் பக்கத்து உலகத்துக்குள் போய்விடும்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் மாற்றம் ஒரு வினையடையில் இருக்கிறது. உயிரினத்தின் அணிக்கு முன்னால் 'எப்போதும்', 'வழக்கமாக', 'பெரும்பாலும்' என்று சேர்த்தார்கள். இரத்தத்தின் விதி இப்போது புள்ளிவிவரமானது. அதே பதிப்பில் தீமையறிதல் நேரெதிராக நடந்துகொண்டது. எண்ணத்தைத் தேடவில்லை, தீய அணியில் இருப்பவனின் வலிமைக்கேற்ற ஒளிவட்டத்தைக் காட்டியது. பாலடின் பார்ப்பான், மின்னும், வெட்டுவான். விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை. மந்திரம் ஒருவகையில் காவல்துறையின் வேலையைக் கெடுத்துவிட்டது.

2008-இன் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகக் குறைத்து, அதில் ஒன்றுக்கு 'அணிசேராதவர்' என்றே பெயரிட்டது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பி வந்தன. ஆனால் விதிகளில் அவற்றுக்குப் பல் இல்லை. தீமையறிதல் அங்கே பூதம், பேய், தேவதை, உயிரில்லா உடல் போன்ற உயிர்வகைகளை மட்டும் கண்டுபிடிக்கிறது. கொலைகாரன் ஒருவன் மந்திரவாதியின் முன்னால் நின்றாலும் அது சும்மா இருக்கும். மனிதத் தீமையை மந்திரத்தால் அறிய முடியாது என்று ஆட்டமே ஒப்புக்கொண்டது.

2020 ஜூனில் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் ஓர்க், டிரோ இனங்களைச் சித்திரித்த விதம் தவறு என்று அறிவித்தபோது, காலத்தின் அரசியலுக்குப் பணிந்துவிட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் பொருமினர். அவர்கள் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு: தயக்கமின்றி வாள் வீச ஓர் எதிரி வேண்டும் என்பது ஆட்டத்தின் தேவை, தீமையே உருவான பேய்க்கு மனமாற்றம் தேடுவதும் அபத்தம். ஆனால் திடீர் மாற்றம் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1988-இன் நாவலும் 2000-இன் வினையடையும் 2014-இன் மந்திரமும் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தன. 2022-இன் உயிரினத் தொகுப்பில் அணிக்கு முன்னால் 'பொதுவாக' என்ற சொல் வந்தது. போட்டி ஆட்டமான 'பாத்ஃபைண்டர்' 2023-இல் அணிகளை அடியோடு நீக்கியது. அதற்கு உடனடிக் காரணம் அறவியல் அல்ல, உரிமம் குறித்த தகராறு.

2024-இன் ஆட்டக்காரர் கையேட்டில் மனிதன், குள்ளன் வரிசையில் ஓர்க்கும் நாம் ஏற்று ஆடக்கூடிய இனமாக இருக்கிறான்; அணியை ஆடுபவர்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். 2025-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' செந்நிற டிராகனை இன்னும் தீயது என்றே சொல்கிறது. ஓர்க்குக்கு அதில் தனிப் பதிவு இல்லை.