ஈரானின் ஃபுட்சால் அணி: வென்றதும் தோற்றதும்



போன வாரம் தரம் 10இல் பாடம் முடிய ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. ஒரு மாணவன் எழும்பி, "சேர், ஈரான் ஃபுட்சால்ல உலகக் கிண்ணம் எடுத்திருக்காம், உண்மையா? வாட்ஸ்அப்ல வந்திச்சி" என்றான். "கிண்ணம் எடுக்கல்ல. ஆனா பிரேசில வீட்டுக்கு அனுப்பினது உண்மை" என்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அவங்கட பொம்புளப் புள்ளைகளுக்கும் டீம் இருக்கா சேர்?"

மணி அடித்துவிட்டது. இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளையாட்டைப் பற்றி. ஃபுட்சால் என்பது சின்ன இடத்தில் ஆடும் உதைபந்தாட்டம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், கோல் காப்பாளரும் அதற்குள் அடக்கம். 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட திடல். பந்து சிறியது, அதிகம் துள்ளாது. ஒரு பாதி 20 நிமிடம், பந்து வெளியே போனால் மணிக்கூட்டை நிறுத்திவிடுவார்கள். 1930இல் உருகுவேயின் மொன்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஓர் ஆசிரியர் உருவாக்கிய விளையாட்டு இது.

ஈரானில் இதுபோன்ற ஒரு தெரு விளையாட்டு இருந்தது. 'கோல் கூச்சிக்' என்பார்கள், சின்ன கோல் என்று அர்த்தம். ஒழுங்கையில் சின்னதாகக் கோல் கம்பம் வைத்து, மலிவான பிளாஸ்டிக் பந்தால் ஆடுவார்கள். பந்து காற்றில் பறக்காமல் இருக்க, இன்னொரு பிளாஸ்டிக் பந்தை வெட்டி அதன் மேல் போர்த்தி இரண்டு அடுக்காக்குவார்கள். அதனால் பாரமான, அதிகம் துள்ளாத பந்து அந்தப் பிள்ளைகளின் காலுக்குச் சின்ன வயதிலேயே பழகியது. றமழான் மாதத்தில் மண்டபங்களில் நடக்கும் ஃபுட்சால் சுற்றுப்போட்டிகளும் அங்கே பழைய வழக்கம். நோன்பு கால இரவு ஆட்டம் என்றால் நமக்கும் விளங்கும்தானே.

இனி பதிவேட்டுக்கு வருவோம்.

1992இல் ஹொங்கொங்கில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஈரான் நான்காம் இடம் பெற்றது. அந்தச் சுற்றில் அதிக கோல் அடித்தவரும் ஈரானியரான சயீத் ரஜபிதான்.

ஆசியக் கிண்ணம் 1999இல் கோலாலம்பூரில் ஆரம்பமானது. 1999 தொடக்கம் 2005 வரை ஒவ்வொரு வருடமும் நடந்தது, ஏழு தடவையும் ஈரானே வென்றது. 2006இல் ஜப்பான் அந்தத் தொடரை உடைத்தது. பிறகு 2007, 2008, 2010 மீண்டும் ஈரான். 2012உம் 2014உம் ஜப்பானுக்கு, அதில் 2014 இறுதிப்போட்டியில் ஈரான் பனால்டியில் தோற்றது. 2016, 2018 ஈரானுக்கு. 2022இல் குவைத்தில் ஜப்பான் 3-2 என இறுதிப்போட்டியை வென்றது. 2024இல் பாங்கொக்கில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 4-1 என வென்று ஈரான் கிண்ணத்தைத் திரும்ப எடுத்தது. கூட்டிப் பாருங்கள்: 2024 வரை 17 போட்டிகள், ஈரானுக்கு 13, ஜப்பானுக்கு 4. வேறு எந்த நாடும் ஒரு தடவைகூட வெல்லவில்லை.

இந்தக் காலத்தின் பெரிய பெயர் வஹீத் ஷம்சாயி. நாட்டுக்காக 390இற்கு மேற்பட்ட கோல்கள் அடித்தவர். 2024இல் கிண்ணம் வென்ற அணியின் பயிற்றுவிப்பாளரும் அவரே.

ஆனால் ஆசியாவில் ராஜாவாக இருந்தும் உலகக் கிண்ணத்தில் 1992இற்குப் பிறகு நீண்ட காலம் அரையிறுதிகூட எட்டவில்லை. அந்தக் காத்திருப்பு 2016இல் கொலம்பியாவில் முடிந்தது. குழு ஆட்டத்தில் ஸ்பெயினிடம் தோற்ற அணி, 16 அணிகளின் சுற்றில் பிரேசிலைச் சந்தித்தது. பிரேசில் அதுவரை ஐந்து தடவை சம்பியன், எந்த உலகக் கிண்ணத்திலும் முதல் நான்கு இடத்துக்குக் கீழே இறங்காத நாடு. ஆட்டம் 4-4. பிரேசிலின் ஃபல்காவோ மாத்திரம் மூன்று கோல். பனால்டியில் ஈரான் 3-2 என வென்றது.

ஃபல்காவோவுக்கு அதுவே கடைசி உலகக் கிண்ண ஆட்டம். வென்ற ஈரானிய வீரர்கள் தங்கள் கொண்டாட்டத்துக்கு இடையில் அவரிடம் போய், அவரைத் தூக்கி மேலே எறிந்து பிடித்து மரியாதை செய்தார்கள். அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'பிரேசில அடிச்சம்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது.

பிறகு பரகுவேயை வென்று, அரையிறுதியில் ரஷ்யாவிடம் 4-3 எனத் தோற்று, போர்த்துக்கலைப் பனால்டியில் வென்று மூன்றாம் இடம். ஈரானின் மிக உயர்ந்த உலக நிலை அதுதான். 2021இல் காலிறுதியில் கஸகஸ்தானிடம் 3-2. 2024இல் உஸ்பெகிஸ்தானில் மொரோக்கோவிடம் 4-3. இதே மொரோக்கோ 2016இல் குழு ஆட்டத்தில் ஈரானிடம் தோற்ற அணி. ஹிஷாம் திகிக் என்ற ஒரே பயிற்றுவிப்பாளரை 2010 முதல் வைத்துக்கொண்டு, பொறுமையாகக் கட்டி எழுப்பினார்கள்.

இனி அந்த மாணவியின் கேள்வி.

இருக்கிறது மகள். அதுவும் சாதாரண அணி இல்லை. ஆசியப் பெண்கள் சம்பியன் பட்டத்தை 2015இல் மலேசியாவிலும் 2018இல் பாங்கொக்கிலும் வென்றார்கள், இரண்டு தடவையும் இறுதியில் ஜப்பானைத் தோற்கடித்து. 2025இல் பிலிப்பைன்ஸில் நடந்த, பீபாவின் முதலாவது பெண்கள் ஃபுட்சால் உலகக் கிண்ணத்திலும் ஆடினார்கள். தலையை மூடிக்கொண்டே ஆடினார்கள். அந்த உரிமையும் சும்மா கிடைக்கவில்லை. 2011இல் அம்மானில், ஹிஜாப் காரணமாக ஈரானியப் பெண்களின் உதைபந்தாட்ட அணியை ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆட விடவில்லை. 2014இல்தான் உதைபந்தாட்ட விதிகளில் தலை மறைப்புக்கு நிரந்தர அனுமதி வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நமக்குச் சந்தோஷம். ஆனால் 2015இல் மலேசியாவுக்குப் போன அணியில் தலைவி நிலூஃபர் அர்தலான் இல்லை. அந்த நாட்டுச் சட்டப்படி திருமணமான பெண்ணின் கடவுச்சீட்டுக்குக் கணவரின் சம்மதம் வேண்டும், கணவர் கொடுக்கவில்லை. மகனின் பாடசாலை முதல் நாளுக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அவர் இல்லாமலே அணி கிண்ணம் வென்றது. சில வாரங்களின் பின் விசேட அனுமதி பெற்று, குவாத்தமாலாவில் நடந்த சுற்றுப்போட்டிக்கு அவர் போனார்.

ஹிஜாபைக் காரணம் காட்டி வெளியில் தடுத்ததைப் பற்றி நாம் கோபமாகப் பேசுவோம். வீட்டுக்குள் தடுத்ததைப் பற்றி மெதுவாகக்கூடப் பேசுவதில்லை. பாடசாலை முதல் நாள் எவ்வளவு முக்கியம் என்று ஓர் ஆசிரியனுக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைக் கூட்டிவர வாப்பாவாலும் முடியும்.

நம் ஊர் மைதானம் பின்னேரத்தில் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். அந்த மாணவி ஏன் கேட்டாள் என்பதும் எனக்கு விளங்கியது. ஃபுட்சாலுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை, சுவர் அடைத்த ஒரு மண்டபம் போதும். கிழமையில் ஒரு பின்னேரம், ஓர் ஆசிரியை பொறுப்பில், நம் பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் ஒதுக்க முடியுமா? பெற்றோரும் பழைய மாணவர்களும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். நாளைக்கு வகுப்பில் அவளுக்குப் பாதிப் பதிலை நான் சொல்லிவிடுவேன். மீதிப் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.